துன்பத்தில் விசுவாசமாக நிலைத்திருப்பது என்றால் என்ன?

புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் முதல் சில மாதங்களிலேயே கேட்டுவிடும் ஒரு வாசகம் உண்டு: "என்ன சோதனை வந்தாலும் விசுவாசத்துல உறுதியா நில்லுங்க." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாள், அல்லது வேலை போய் வாடகைக்கு வழியில்லாத மாதத்தில், உறுதியாக நிற்பது என்றால் என்ன செய்வது? அழக்கூடாதா? ஏன் என்று கேட்கக்கூடாதா? எது நடந்தாலும் "ஸ்தோத்திரம்" என்று மட்டும்தான் சொல்ல வேண்டுமா? இதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் பலர் தங்கள் கண்ணீரையே அவிசுவாசம் என்று எண்ணிக்கொண்டு, துன்பம் போதாதென்று குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தச் சுமையை வேதாகமம் யார் தலையிலும் ஏற்றவில்லை.

வேதத்தைத் திறந்து பார்த்தால், தேவனுக்கு உண்மையாக இருந்தவர்கள் அழுதிருக்கிறார்கள், புலம்பியிருக்கிறார்கள், கோபத்தோடு வழக்காடியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் புலம்பலை அவரிடமே கொண்டுபோனார்கள். விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்பதை எளிமையாகச் சொன்னால் இதுதான்: எந்த நிலையிலும் தேவனோடு பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருப்பது. சந்தோஷமாகப் பேசலாம், அழுதுகொண்டே பேசலாம், "எங்கே இருக்கிறீர்?" என்று கேட்கலாம். பேச்சு தொடர வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு வேதத்தில் மிகப் பெரிய சாட்சி யோபு. ஆனால் யோபுவின் கதையை நம்மில் பலர் பாதிதான் கேட்டிருக்கிறோம். ஊத்ஸ் தேசத்துச் செல்வந்தர், 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள், 7 மகன்கள், 3 மகள்கள். ஒரே நாளில் எல்லாம் போகிறது. ஒரு வேலைக்காரன் ஓடிவந்து செய்தி சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் வந்து நிற்கிறான். கடைசியாக வந்தவன் சொன்னது, பிள்ளைகள் பத்துப் பேரும் வீடு இடிந்து இறந்துபோனார்கள் என்பது. அப்போது யோபு தரையில் விழுந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்கிறார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிட்டு, எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்த கடைசி அதிகாரத்துக்குத் தாவிவிடுகின்றன.

ஆனால் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ளவற்றை ஒரு தடவையாவது நிதானமாக வாசித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் கொடிய பருக்கள். யோபு சாம்பலில் உட்கார்ந்து உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் வருகிறார்கள். தூரத்தில் பார்த்தபோது அவரை அடையாளமே தெரியவில்லை. ஏழு நாள் இராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பது என் எண்ணம். பிறகு யோபு வாயைத் திறக்கிறார். திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். "நீர் என்னை உமக்கு இலக்காக வைத்ததென்ன?" என்று தேவனிடமே கேட்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே நின்று நியாயம் பேச ஒரு மத்தியஸ்தர் இல்லையே என்று ஏங்குகிறார். முதல் அதிகாரத்தில் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய்தான் இது.

13ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் வருகிறது: "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்." இதைச் சுவரொட்டிகளிலும் காலண்டர்களிலும் பார்த்திருப்பீர்கள். காலண்டரில் வராத அதன் அடுத்த பாதி, என் வழக்கை அவர் முன்னால் எடுத்துவைப்பேன் என்கிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. நம்புகிறவர்தான் வழக்காடுகிறார். அவர் கேட்பார், கேட்டால் நியாயம் செய்வார் என்ற நினைப்பு இல்லாவிட்டால் வழக்காடவே தோன்றாது.

நண்பர்களோ வேறு வழியில் போகிறார்கள். அவர்களுடைய வாதம் நமக்கும் பழக்கமானதுதான்: தேவன் நீதியுள்ளவர், நீ கஷ்டப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், மனந்திரும்பு, எல்லாம் சரியாகும். பக்திப் பேச்சாகத்தான் ஒலிக்கிறது. தேவனுக்கு வக்கீலாக இருப்பதாகவே அவர்கள் நினைத்தார்கள். ஆனால் கடைசியில் கர்த்தர் எலிப்பாஸைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கத்தியவரைச் சரியென்றும், தத்துவம் பேசியவர்களைத் தவறென்றும் தீர்த்தார். அந்த நண்பர்களுக்காக யோபுதான் ஜெபம் பண்ண வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெருங்காற்றிலிருந்து கர்த்தர் நான்கு அதிகாரங்கள் பேசுகிறார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று தொடங்கி, கடல், பனி, நட்சத்திரங்கள், காட்டுக் கழுதை, குதிரை, கழுகு என்று கேள்வி மேல் கேள்வி. ஆனால் "ஏன்?" என்பதற்குப் பதில் சொல்லவில்லை. யோபுவைச் சோதிக்கச் சாத்தான் கர்த்தரிடம் அனுமதி பெற்ற பரலோக உரையாடல் வாசகர்களாகிய நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. காரணம் தெரியாமலேயே அவர் ஆறுதல் அடைந்தார், ஏனென்றால் யாரிடம் கேட்டாரோ அவரே நேரில் வந்து பேசினார். பிற்பாடு பிறந்த பத்துப் பிள்ளைகளும் இறந்த பத்துப் பிள்ளைகளுக்கு ஈடாகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. பிள்ளையை இழந்த எந்தத் தாயும் தகப்பனும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கதை நம் மண்ணில் ஒரு மனிதரின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் இருந்தவர். 1741 குளச்சல் போரில் மன்னரிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. ஆடுமாடுகளும் பயிர்களும் அடுத்தடுத்து அழிந்து நீலகண்டர் மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது திருச்சபை மரபு. அது அவரைப் பிடித்துக்கொண்டது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரோடு விசுவாசத்துக்குள் வந்தார்.

கவனியுங்கள், துன்பத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்தது என்று அவர் வரவில்லை. துன்பப்பட்ட ஒருவனின் தேவனைத் தேடி வந்தார். வந்தபின் துன்பம் கூடியது. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அரண்மனை வட்டாரத்தில் பகையை வளர்த்தது. 1749இல் கைதானார். மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். எருமை மேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள், பெருவிளையில் மரத்தோடு கட்டி வைத்திருந்தார்கள் என்று குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ இல்லை, மனைவியோடு குடும்பமாக வாழ்ந்த ஒரு சாதாரண விசுவாசி. கடைசி அதிகாரத்தின் இரட்டிப்பு ஆசீர்வாதம் எதுவும் அவருக்கு இந்தப் பூமியில் கிடைக்கவில்லை.

சரி, நமக்கு அப்படிப்பட்ட சிறை இல்லை. நம் கஷ்டங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வட்டிக்கடையிலும் வீட்டுக்குள்ளேயும் இருக்கின்றன. அவற்றின் நடுவே எப்படி ஜெபிப்பது? வார்த்தை வராத நாட்களுக்காகவே சங்கீதங்கள் இருக்கின்றன. மொத்தம் 150 சங்கீதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். தேவனுடைய ஆலயத்தில் பாடுவதற்கென்றே தொகுத்த பாட்டுகளில் இவ்வளவு புலம்பல் இருக்கிறது என்றால், அழுவதற்கு அனுமதி உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது தொடங்குகிறார். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறார். முன்னுரை இல்லை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தயங்கித் தயங்கி வரவும் இல்லை, நேராகப் புகார்தான். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்: என்னை நோக்கிப் பாரும், எனக்குச் செவிகொடும், நான் மரணநித்திரை அடையாதபடிக்கு என் கண்களைத் தெளிவாக்கும். அதற்குப் பிறகுதான், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார். நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவே சூழ்நிலை மாறியதாக எந்தக் குறிப்பும் இல்லை. எதிரி அங்கேயேதான் இருக்கிறான். மனசில் இருந்ததைக் கொட்டி முடித்தவருக்கு, யாரிடம் கொட்டினோம் என்பது நினைவுக்கு வருகிறது.

உங்கள் ஜெபத்தையும் இதே போக்கில் செய்து பாருங்கள். கூப்பிடுங்கள், நடந்ததை அலங்காரம் இல்லாமல் சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஐந்தாம் வசனம் அன்றைக்கே வராவிட்டால் பரவாயில்லை. 88ஆம் சங்கீதத்தில் அது கடைசிவரை வரவில்லை. சிநேகிதரையும் தோழரையும் என்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்ற புலம்பலோடு, ஒரு துதி வார்த்தைகூட இல்லாமல் அந்தச் சங்கீதம் முடிந்துவிடுகிறது. அதையும் எடுத்துவிடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசுவே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சத்தமிட்டுச் சொன்னார். தேவகுமாரனே அப்படிக் கேட்டிருக்கும்போது, அதைக் கேட்கும் உங்களை விசுவாசம் இல்லாதவர் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். இப்படி ஜெபித்தால் கஷ்டம் தீர்ந்துவிடுமா? சில நேரம் தீரும். அற்புதங்கள் நடக்கின்றன என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் தீர்வதற்காக மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் விசுவாசம் முதல் தாமதத்திலேயே கை நழுவிவிடும். அரசனின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளையின் முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ சொன்னதை மறக்க முடியாது: எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உமது சிலையைப் பணியமாட்டோம். "விடுவிக்காமற்போனாலும்" என்று அரசன் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது, உள்ளே நெருப்பில் தங்களோடு நான்காவது ஆள் நடக்கப்போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் ஒரு முள் என்று சொன்ன வேதனை என்ன என்று வேதம் சொல்லவில்லை. அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டினார். எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் பதில்.

நெல்லைச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கழிந்தன. அவர் குணமாக வேண்டும் என்று டோனாவூரில் ஜெபிக்காதவர்கள் இருந்திருக்க முடியாது. அந்த அறையிலிருந்து பல புத்தகங்களை எழுதினார். சுகம் கிடைக்காததை வைத்து அவருடைய விசுவாசத்தைக் குறைவாக எடைபோட எனக்கு மனம் வராது. உங்கள் வீட்டில் படுத்திருப்பவரைப் பற்றியும் யாரும் அப்படி எடைபோட இடம் கொடுக்காதீர்கள்.

இந்த உபதேசத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம், "பொறுத்துக்கோ தங்கச்சி, இது உன் சிலுவை" என்று சொல்வது ஆலோசனை இல்லை, பெரும் பாவம். சவுல் ராஜா தன்மேல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினார். அது விசுவாசக் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கித் தப்பவிட்டார்கள். தப்பிக்க வழி இருந்தால் தப்புங்கள், போலீசில் சொல்லுங்கள், பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். மருந்தும் அப்படித்தான். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதும் டாக்டரைப் பார்ப்பதும் விசுவாசத்துக்கு எதிரானவை இல்லவே இல்லை.

தனியாக நிற்கவும் முயற்சி செய்யாதீர்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வரிகூட இல்லை. சில மாதங்களுக்கு உங்களால் ஜெபிக்கவே முடியாமல் போகலாம். அப்போது ஆராதனையில் போய்ச் சும்மா உட்காருங்கள். மற்றவர்கள் பாடுவார்கள், பரமண்டல ஜெபம் சொல்வார்கள். உதடு அசையாவிட்டாலும் அந்த ஜெபத்துக்குள் நீங்களும் இருக்கிறீர்கள். நெருங்கிய ஒருவரிடம், "என்னால முடியல அக்கா, நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதும் விசுவாசம்தான். கேட்கப்படும் இடத்தில் இருப்பவர்கள் வசனக் குவியலோடு போக வேண்டாம். பிளாஸ்கில் காபியோ, மதியச் சாப்பாடோ கொண்டுபோங்கள். யோபுவின் நண்பர்களுடைய முதல் ஏழு நாட்களைப் பின்பற்றுங்கள், எட்டாவது நாளைப் பின்பற்றாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மனசைக் குடையும் கேள்வி ஒன்று உண்டு. நான் ஏற்கெனவே விழுந்துவிட்டேனே? கஷ்டம் தாங்காமல் ஜெபத்தை விட்டேன், சபையை விட்டேன், ஜாதகம் பார்த்தேன், அவரை வேண்டாம் என்றே சொன்னேன். இனி வழி உண்டா? இயேசுவின் சீஷர் பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர். மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவரிடம், "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தார். உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான், "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டார்.

ஆதிச் சபைக்கும் இதே கேள்வி பெரிய அளவில் வந்தது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசர் தேசியுஸ், எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். பாப்பிரஸில் எழுதிய அந்தச் சான்றிதழ்கள் எகிப்தில் இன்றும் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் சாவையும் சிறையையும் ஏற்றார்கள். ஏராளமானோர் பயந்து பலியிட்டார்கள், அல்லது பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று ஒரு பிரிவு பிடிவாதம் பிடித்து, தனிச் சபையாகவே பிரிந்துபோனது.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் அந்தத் துன்பக் காலத்தில் ஊரைவிட்டு மறைந்திருந்தவர். அதற்காகவே பலரிடம் பேச்சுக் கேட்டவர். ஆயர்கள் கூடிப் பேசி, விழுந்தவர்கள் மனஸ்தாபப்பட்டால் காலம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். ஓரிரு வருடங்களில் மறுபடி உபத்திரவம் வரும் போலத் தெரிந்தது. அப்போது சிப்ரியானும் மற்ற ஆயர்களும், மனந்திரும்பியிருந்தவர்களைக் காத்திருக்க வைக்காமல் உடனே திருவிருந்துக்குச் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம்: கிறிஸ்துவின் பாத்திரத்தில் இவர்களுக்குப் பங்கு கொடுக்காமல், கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்த வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவது? 257இல் அடுத்த உபத்திரவம் வந்தபோது சிப்ரியான் இந்தத் தடவை ஓடவில்லை. 258இல் கார்த்தேஜில் தன் சபையார் பார்த்துக்கொண்டிருக்க, வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார்.